எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

எதையும் குறிப்பெழுதிக்கொண்டு தொடங்குவது என் வழக்கம். நீயும் உன் அம்மாவும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஆனாலும் விட முடியவில்லை. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது இவை:

1. கம்ப்யூட்டரை நானே சரிசெய்ய உட்கார்ந்தது ஏன்.
2. அதைச் செய்த முறை.
3. எது மிஞ்சும், எது போகும்.
4. தை மாதம் நடக்கும் உன் திருமணத்துக்கு நான் வர இயலாது என்பதும், அதன் காரணங்களும்.
5. திருமணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சம்.

நான்காவதைக் கண்டதும் தாளை மடித்து வைத்துவிடாதே. அதை முதலில் எழுதத் துணிவில்லாமல்தான் நடுவில் வைத்திருக்கிறேன். தயவுசெய்து வரிசையாகவே படி.

இதை எழுதும்போது எனக்கு எதிரே கம்ப்யூட்டர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் சொன்னால், இந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று பொருள். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றை அழுத்தினால் தொடரும், மற்றொன்றை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகும். இட்லி சாப்பிட்ட கையோடு இதன் முன் உட்கார்ந்தேன். இப்போது உன் அம்மா மதியத்துக்கு உலை வைத்துவிட்டாள். நான் இன்னும் எதையும் அழுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருந்ததால் தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

இந்தக் கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ பதினொன்றாம் வகுப்பு. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். மானிட்டர் உன் மடியில், பெட்டி என் மடியில். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "நெல்லு போட்ட காசுல டிவி வாங்கியாந்திருக்கான், அதுலயும் படம் வரல" என்றார். எல்லா ஒயரையும் நீ பொருத்திவிட்டாய். சுவிட்சைப் போடலாமா என்று கேட்டாய். கையேட்டைப் படித்து முடித்துவிட்டுப் போடலாம் என்றேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அதில் வேறு மொழிகளிலும் எழுதியிருந்ததைக்கூட விடாமல் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ நாற்காலியில் காலை ஆட்டியபடி காத்திருந்தாய். சமையலறையிலிருந்து வந்த உன் அம்மா சுவிட்சைத் தட்டினாள். திரையில் வெளிச்சம் வந்தது. நீ கத்திய கத்தலில் என் கையிலிருந்த கையேடு கீழே விழுந்தது. நம் வீட்டில் பெரும்பாலான காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. நான் படித்துக்கொண்டிருப்பேன், அவள் தட்டிவிடுவாள்.

முதல் குறிப்புக்கு வருகிறேன். திருமணப் பத்திரிகையின் மாதிரியை நீ அனுப்பினாய். ஸ்டெல்லா வீட்டார் பெயர்கள் ஒரு பக்கம், நம் வீட்டார் பெயர்கள் ஒரு பக்கம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அப்பா ஒரு தடவை பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைத் தன் போனில் காட்டினாள். எழுத்து சிறியதாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸ் படம் வந்து அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே. உன் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குன்னே நின்னுருக்குங்க இது" என்றாள்.

"வயசான மெஷின். நான் என்ன செய்வேன்?"

"மெஷினச் சொல்லல."

அதன் பிறகு நீ போனில் கேட்ட ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் சரியாகட்டும் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அது சரியாகாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கடைசியில் நீ பொறுமை இழந்து, "அப்பா, போன தடவை வந்தப்ப லினக்ஸ் போட்ட பென்டிரைவ் வச்சிட்டு வந்தேன்ல, அலமாரில இருக்கும், விண்டோஸுக்குப் பதிலா அதப் போட்டுக்குங்க, பழைய மெஷின்ல நல்லா ஓடும். இல்லன்னா சொல்லுங்க, ஸ்டெல்லாவும் நானும் வந்து போட்டுத் தர்றோம்" என்றாய். நீங்கள் இருவரும் வந்தால் என் முகத்தைப் பார்த்துக் கேட்பீர்கள். அந்தப் பயத்தில்தான் நானே உட்கார்ந்தேன். என் முதல் குறிப்பில் வீரம் எதுவும் கிடையாது.

இரண்டாவது, செய்த முறை. பென்டிரைவை முன்பக்கத் துளையில் செருகி, தொடங்கும்போதே அதற்கான விசையை அழுத்தினேன். கம்ப்யூட்டர் பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. என் முறை தவறு என்று நினைத்து, பென்டிரைவோடு நீ எழுதி வைத்திருந்த குறிப்பை மறுபடி படித்தேன். மீண்டும் செய்தேன். ஒரு நாள் முழுக்க என் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது துளைக்குள் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. சந்தனம். சரஸ்வதி பூஜையன்று உன் அம்மா பெட்டிக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வழிந்து உள்ளே இறங்கி இறுகிவிட்டிருக்கிறது. ஒரு வருடத்துச் சந்தனம் இல்லை அது, அடுக்கு அடுக்காக இருந்தது.

"நெத்தி மாதிரி இருந்த எடத்துலதானே வச்சேன்" என்றாள்.

"அதுக்குக் கீழேயே வாய் இருக்கு. வாயில போயிருக்கு."

"சாமி பிரசாதம், போனாப் போவுது. பின்னாடி ஓட்டை இல்லியா?"

பின்னால் இருந்தது. அதில் செருகியதும் வேலை செய்தது. உன்னுடன் ஸ்டெல்லா முதல் தடவை இங்கே வந்தபோது அந்தப் பொட்டைப் பார்த்து, "இதுக்குமா ஆன்ட்டி?" என்று சிரித்ததும், "ஏன், இதுவும் ஒழைக்குதுல்ல" என்று அம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது. அன்று அந்தப் பெண் திரும்பிப் போகும்போது உன் அம்மா அவளுக்குப் பூ வைத்துவிட்டாள். நான் வாசற்படி வரை வந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது செத்துப்போனதால் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் தேதியை மறந்து, பென்டிரைவிலிருந்து தொடங்கு என்று நான் சொல்லி வைத்ததையும் மறந்தது. திருத்துறைப்பூண்டி போய் வாட்ச் கடையில் அதே அளவு வாங்கி வந்து மாற்றினேன். புதியதை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு வியப்பு. அப்படி ஓட்டி, பழைய டிஸ்க்கைத் திறந்து, அதில் இருந்தவற்றை நீ விட்டுப்போன வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். எடுத்ததைத் திறந்து பார்த்துச் சரிபார்த்தேன். சந்தேகம் தீராமல் இன்னொரு நகலும் எடுத்தேன். அம்மா பின்னால் வந்து நின்று, "இப்பதான் ஓடுதே, பத்திரிகையைத் தொறந்து பாருங்களேன்" என்றாள். இது தற்காலிகமாக ஓடுவது, முறைப்படி நிறுவிய பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது. போட்டோக்கள் மிஞ்சும். உன் கல்லூரி புராஜெக்ட், மதிப்பெண் பட்டியல்கள், பெரியப்பாவுக்காக நான் எடுத்துக்கொடுக்கும் சிட்டா அடங்கல் நகல்கள், அம்மா சேர்த்து வைத்த பாட்டுகள், எல்லாம் மிஞ்சும். போவது எது என்று பார்த்தால், நீ ஆடிய கிரிக்கெட் விளையாட்டு போகும். நீ ஒழுங்குபடுத்தி வைத்திருந்த முகப்பு போகும். இன்னொன்று, கம்ப்யூட்டரைப் போட்டதும் உன் பெயரைச் சொல்லி வரவேற்குமே, அது போகும். நீ சென்னைக்குப் போன பிறகும் தினமும் காலையில் அது உன்னைத்தான் வரவேற்றது. நாங்கள் இருவரும் உன் பெயரில்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். நகல் எடுக்க முடியாத ஒன்று உண்டென்றால் அதுதான். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் அழுத்தாமல் இருக்கிறேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். அதனால் சொல்லவில்லை. அழுத்திவிட்டால் கம்ப்யூட்டர் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் பத்திரிகையைப் பார்க்க வேண்டும். பார்த்தால் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நான்காவது. காரணங்களை எழுதுகிறேன்.

ஆவணி கடைசியில் பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, "வேளாங்கண்ணியில மாதா கோயில்ல கல்யாணமாம். எங்க வீட்டு வாசல்லேருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் போகமாட்டோம்" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் டம்ளர் இருந்தது. நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்தவர்கள் அதை என் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மறுப்பது இன்னும் கடினமாகிவிட்டது.

நம் வயலுக்கு நேரடி வாய்க்கால் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் முதலில் பெரியப்பா வயலில் பாய்ந்து, அவர் வரப்பில் வெட்டிய மடை வழியாகத்தான் நமக்கு வர வேண்டும். சம்பா நட்டு நாற்று இப்போதுதான் பச்சை பிடிக்கிறது. ஐப்பசி மழை இன்னும் இறங்கவில்லை. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அவர் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளி மடையில் போட்டால் நம் நாற்று காய்ந்துவிடும். தை மாதம் அறுப்பு. அறுப்பு மெஷினும் அவர் வயல் வழியாகத்தான் நம் வயலில் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ஊரில் இல்லாவிட்டால், அவரும் வழி விடாவிட்டால், கதிர் சாய்ந்து முளைத்துவிடும். உன் தாத்தா பாகம் பிரித்துக்கொடுத்த காலத்திலிருந்து அவர் ஒரு தடவைகூட மடையை அடைத்ததில்லை. அடைப்பேன் என்று சொன்னதும் இல்லை. ஆனால் அது அவர் கையில் இருக்கிறது என்பதை நான் மறந்து தூங்கியதே இல்லை.

ஆகவே தம்பி, நான் வர இயலாது. அம்மா வருவாள். அவளை நான் தடுக்கமாட்டேன், தடுக்கவும் முடியாது. என்னை மன்னித்து

இந்த இடத்தில் எழுத்து நின்றுபோனதற்குக் காரணம், அம்மா வந்துவிட்டாள். கரண்டியோடு வந்தாள்.

"இன்னும் அழுத்தலியா?"

"கரண்ட் போயிட்டா பாதியில நின்னுரும். யோசிக்கணும்."

"கரண்ட் நல்லாத்தான் இருக்கு. எல்லாத்தையும் நகல் எடுத்துட்டீங்கள்ல?"

"ரெண்டு தடவ எடுத்தேன்."

"பின்ன என்ன?"

"எல்லாம் அழிஞ்சிரும்னு போட்டிருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என் தாளைப் பார்த்தாள். படித்தாளா என்று தெரியவில்லை. நான் கையால் மறைத்துக்கொண்டேன். "நீயே அழுத்திடேன்" என்றேன். எப்போதும் நடப்பதுதானே என்று நினைத்தேன்.

"மாட்டேன்" என்றாள். "அன்னைக்கு சுவிட்ச நான் போட்டேன். என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போனப்ப ஒங்களுக்குப் பதிலா ஒங்க அண்ணந்தான் சரின்னு சொன்னாரு. இதையாவது நீங்க அழுத்துங்க. அழுத்துனா போயிரும்னு ஒக்காந்திருக்கீங்களே, அழுத்தாம விட்டா மட்டும் இது ஓடுதா? இப்பவும் ஓடலதானே?"

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் விவசாயிகளுக்குப் பரிந்துரை எழுதினேன். இவ்வளவு உரம் இடலாம், தேவைப்பட்டால் மறுபடி பரிசோதிக்கலாம், இப்படித்தான் எழுதுவேன். இடு என்று யாருக்கும் எழுதியதில்லை. பதில் சொல்லாமல் இருப்பது பாதுகாப்பானது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் எதிரே இருக்கும் இந்தப் பெட்டி நான் ஒன்றும் செய்யாமலே ஏற்கெனவே நின்றுபோன பெட்டி. நீ பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காமல் சென்னையில் காத்திருக்கிறாய். ஸ்டெல்லாவின் அப்பா உன்னிடம் என்ன கேட்டிருப்பார், நீ என்ன சொல்லிச் சமாளித்திருப்பாய் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். நான் பதில் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் நீ எனக்காக யாரிடமோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அழுத்திவிட்டேன்.

ஒன்றும் பயங்கரமாக நடக்கவில்லை. ஒரு கோடு இடமிருந்து வலமாக மெதுவாக நகர ஆரம்பித்தது. பழைய மெஷின், நேரமாகும் என்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

இனி எழுதுவது சாயங்காலம் எழுதுவது.

பெரியப்பா மடையருகில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னடா வெயில்ல? தண்ணி தொறந்துதான் இருக்கு, போய்ப் பாரு" என்றார்.

"தண்ணிக்கு வரலண்ணே."

"பின்ன?"

வரும் வழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "தையில பையன் கல்யாணம்ணே. நானும் அவளும் போறோம்" என்று மட்டும் வந்தது.

அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் வழித்தார்.

"டீக்கடையில வாயத் தொறக்காம நின்னே."

"ஆமாண்ணே."

"மடைய அடைச்சுருவேன்னு பயமா?"

பொய் சொல்ல நினைத்தேன். "ஆமாண்ணே" என்றேன்.

"அடைக்கலாம்னுதான் நெனச்சேன்" என்றார். "ரெண்டு தரம் மண்ண வெட்டித் தூக்கிட்டேன். பச்ச பிடிக்கிற நாத்து, என்ன பாவம் பண்ணுச்சுன்னு கீழ போட்டுட்டேன். ஒம்மேல உள்ள கோவத்த நாத்துமேல காட்ட முடியுமா? எனக்குக் கோவம் அந்தப் பொண்ணு வேதக்காரப் பொண்ணுங்குறதுல பாதி. ஊர்க்காரன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணும்னு விட்டியே, அதுல பாதி."

"வாங்கண்ணே, நீங்களும்" என்றேன்.

"நான் வரமாட்டேன். அங்கல்லாம் மண்டி போடச் சொல்லுவான், எனக்கு முட்டி ஆவாது."

"நாற்காலி இருக்கும்ணே."

"நீ போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"பின்ன பேசாத." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே சொன்னார்: "பத்திரிகையில எம் பேரு வரக்கூடாது. அறுப்பு மெஷினு வந்தா நான் பாத்துக்குறேன். நீ ஊர்ல நின்னு என்ன கிழிக்கப்போற, மூட்டைய எண்ணிக்கிட்டு நிப்பே."

நான் வரப்பிலேயே நின்றிருந்தேன். அவர் வருவார் என்று நான் உனக்கு வாக்குத் தரமாட்டேன். அவர் மனம் மாறிவிட்டது என்றும் எழுதமாட்டேன். அவருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அதை அவர் என்னிடம் நேராகச் சொன்னார். நானும் அவரிடம் ஒன்றை நேராகச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் இந்த வயதில் இது புதிது.

வீட்டுக்கு வந்தபோது கோடு முடிந்து கம்ப்யூட்டர் வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. இதைப் பயன்படுத்துபவர் பெயர் என்ன என்று. உன் பெயரைப் போடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "அவனுக்கு அங்க வேற வீடு ஆவப்போவுது. தெனம் தொறக்குறது நான்தானே, எம் பேரப் போடுங்க" என்றாள். போட்டேன். பாஸ்வேர்டை அவளே அடித்தாள், என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். உனக்கும் சொல்லமாட்டாளாம். இப்போது கம்ப்யூட்டர் அவளை வரவேற்கிறது. அவள் அதை இன்று எத்தனை தடவை அணைத்துப் போட்டாள் என்பதை நீ போனில் கேட்டுக்கொள். முன்பக்கத் துளையைக் குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்துவிட்டேன். அடுத்த வருடம் பொட்டைப் பெட்டியின் உச்சியில் வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாவதில் பெரிய அறிவுரை எழுத நினைத்திருந்தேன். அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்ற சந்தேகம் காலையிலேயே இருந்தது, இப்போது கூடியிருக்கிறது. ஒன்று மட்டும் எழுதுகிறேன். ஸ்டெல்லா உன்னிடம் ஏதாவது கேட்டால் அன்றைக்கே பதில் சொல். தெரியாது என்பதும் பதில்தான், பயமாக இருக்கிறது என்பதும் பதில்தான். கம்ப்யூட்டர் சரியாகட்டும் என்று சொல்லாதே. உன் அம்மாவைப் போல ஒருத்தி எல்லாவற்றையும் தட்டிவிடுவாள் என்று இருந்துவிடாதே. அவள் தட்டியது எனக்காகத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் மட்டும் தனியாகத்தான் தட்டியிருக்கிறாள். இதை அந்தப் பெண்ணுக்கும் படித்துக் காட்டு. நான் வாசற்படியில் அதிகம் பேசாமல் நின்றது அவளைப் பிடிக்காததால் என்று நினைத்திருந்தால், அப்படியில்லை என்று சொல்.

பத்திரிகையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். என் இனிஷியலில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. பெரியப்பா சொன்னபடி அவர் பெயரை எடுத்துவிடு. மற்றபடி சரி. அச்சுக்குக் கொடு.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதிய அளவை அழிக்கவோ, மேலே மை பூசவோ கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். தவறும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதவில்லை. அங்கே நான்காவது குறிப்பின் குறுக்கே ஒரு கோடு இருக்கும், பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும். பார்த்திருப்பாய்.

நான்காவது குறிப்பு தவறு. வருகிறேன், தம்பி.

அப்பா